குலுக்கல் சீட்டும் யூனியன் ஸ்கூலும்: எது நியாயம், எதுல பிள்ளை படிக்குது?

ஏப்ரல் பொறந்துட்டா போதும், மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம், மாயவரம்னு எந்த ஊர் இ-சேவை மையத்துல போய் நின்னாலும் காதுல விழுற முதல் கேள்வி "அண்ணே, இந்த வருசம் ஆர்டிஇ எப்ப ஓபன் ஆகும்?"ங்கறதுதான். ஆர்டிஇன்னா கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் பள்ளியில கெடைக்கற ஃபீஸ் இல்லாத சீட்டு. கையில பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள வருமானச் சான்று, சாதிச் சான்று, பர்த் சர்டிபிகேட், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். புள்ளைக்கு வயசு மூணு. எல்கேஜி சீட் விழுந்தா எட்டாவது வரைக்கும் ஃபீஸ் இல்லாம மெட்ரிக் ஸ்கூல்ல படிக்கலாம், விழலேன்னா நகைய வெச்சாவது அதே ஸ்கூல்ல ஃபீஸ் கட்டணும், அதுவும் முடியலேன்னா ஊருக்குள்ள இருக்கற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, அதாவது யூனியன் ஸ்கூல். இந்த மூணுக்கும் நடுவுல இருக்கறது ஒரு குலுக்கல்.

இந்தக் குலுக்கல் நியாயமா, அதுல விழுந்த புள்ள நிஜமாவே நல்லா படிக்குதா, விழாத புள்ள வீணா போயிடுதா, இந்த மூணு கேள்வியையும் உலகத்துல நிறைய பேர் உக்காந்து கணக்கு போட்டுப் பாத்திருக்காங்க. அதோட முடிவு எதுவும் நம்ம டீக்கடைப் பேச்சுக்கு வந்து சேர்றதில்ல. இங்க ஒரு கோஷ்டி "கவர்மெண்ட் ஸ்கூல் வேஸ்ட்"னு சொல்லும், இன்னொரு கோஷ்டி "ஆர்டிஇ தனியாருக்குத் தீனி போடற திட்டம்"னு சொல்லும். ரெண்டுமே பாதிதான்.

முதல்ல சட்டத்த பாத்துடுவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்துச்சு, 2010 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்துச்சு. அதோட 12(1)(சி) பிரிவு என்ன சொல்லுதுன்னா, அரசு உதவி வாங்காத தனியார் பள்ளிங்க எல்கேஜியோ ஒண்ணாவதோ, எது நுழைவு வகுப்போ அதுல 25 சதவீத இடத்த நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு புள்ளைங்களுக்கு ஒதுக்கணும், காசு அரசாங்கம் குடுக்கும். தனியார் பள்ளிக்காரங்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க, 2012 ஏப்ரல்ல சட்டம் செல்லும்னு தீர்ப்பு வந்துடுச்சு, அரசு உதவி வாங்காத சிறுபான்மை பள்ளிங்களுக்கு அந்தத் தீர்ப்புலயே விலக்கு கெடச்சுது, 2014ல எல்லா சிறுபான்மை பள்ளிக்கும் கெடச்சுது. தமிழ்நாட்டுல பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள வீடு இருக்கணும், நலிவடைந்த பிரிவுன்னா வருச வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கணும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி எல்லாம் வந்துடறதால பெரும்பாலான குடும்பங்க ஏதாவது ஒரு வகையில தகுதிக்குள்ள வந்துடும். ஆதரவில்லாத குழந்தைங்க, மாற்றுத்திறனாளி குழந்தைங்க, தூய்மைப் பணியாளர் புள்ளைங்க மாதிரி சில பேருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை உண்டு. மீதிய, இடத்த விட விண்ணப்பம் அதிகமா இருந்தா, பெத்தவங்க முன்னாடி குலுக்கிப் போடணும்.

குலுக்கல்ங்கற முறைய நான் குறை சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. மூணு வயசுப் புள்ளைக்கு இன்டர்வியூ, அப்பா அம்மா டிகிரி என்னன்னு கேள்வி, தெரிஞ்சவர் சிபாரிசு, டொனேஷன். கேந்திரிய வித்யாலயாவ எடுத்துக்கோங்க, அதுவும் ஒண்ணாவதுக்கு குலுக்கல் போடற அரசுப் பள்ளிதான், தஞ்சாவூர் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன்ல ஒண்ணு இருக்கு. அங்க மத்திய அரசு ஊழியர் புள்ளைங்களுக்கு முதல் வரிசை, அப்புறம் படிப்படியா மத்தவங்க, அதனால குலுக்கல்னு பேர் இருந்தாலும் சாதாரண விவசாயக் கூலி புள்ளைக்கு வழி ரொம்பக் குறுகல். அதுக்கு மேல எம்பி கோட்டான்னு ஒண்ணு வேற இருந்துச்சு, ஒவ்வொரு எம்பியும் 10 பேருக்கு லெட்டர் குடுக்கலாம், 2022லதான் அத எடுத்தாங்க. லெட்டரோட ஒப்பிட்டா குலுக்கல் ஆயிரம் மடங்கு மேல். சீட்டுக்கு யாரு என்ன தெருன்னு தெரியாதே.

சிக்கல் குலுக்கல் டப்பாவுக்கு வெளியிலதான். முறைப்பாசனத்துல தண்ணி விடற நாள் எல்லா வாய்க்காலுக்கும் சமமாத்தான் எழுதியிருக்கும், ஆனா கடைமடைக்காரன கேட்டாத்தான் தண்ணி வந்துச்சா இல்லியான்னு தெரியும். அந்த 1 கிலோமீட்டர் விதியவே பாருங்க. மெட்ரிக் ஸ்கூல் எங்க இருக்கு? டவுன்ல, இல்லேன்னா மெயின் ரோட்டு மேல, ஃபீஸ் கட்டற குடும்பம் எங்க இருக்கோ அங்க. காவிரி டெல்டாவுல கிராமம்னா ஆத்தங்கரையிலயும் வாய்க்கா கரையிலயும் சிதறிக் கெடக்கும், அதுலயும் கூலிக்காரங்க தெரு ஊருக்கு வெளிய ஒதுக்குப்புறமாத்தான் இருக்கும். அந்தத் தெருவுல இருந்து 1 கிலோமீட்டர் வட்டம் போட்டா உள்ள வர்றது யூனியன் ஸ்கூல் மட்டும்தான். சட்டத்துல அவங்க புள்ளைக்கு 25 சதவீதம் இருக்கு, மேப்புல இல்ல. டவுன்ல ஆட்டோ ஓட்டறவர், கடை வெச்சிருக்கறவர், ஆபிஸ்ல வேலை பாக்கறவர் புள்ளைக்கு வாய்ப்பு கெடைக்குது, அவங்களும் ஒண்ணும் பணக்காரங்க இல்லதான், ஆனா கடைசி ஆளு அவங்க இல்ல.

இது என் ஊகம் மட்டும் இல்ல. சத்தீஸ்கர்ல இதே 25 சதவீத குலுக்கல வெச்சு மொரிசியோ ரொமெரோ, அபிஜித் சிங்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பாத்தாங்க. விண்ணப்பிச்சவங்களே கொஞ்சம் படிச்ச, கொஞ்சம் வசதியான குடும்பங்க. குலுக்கல்ல சீட்டு விழாதவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல எப்படியும் ஃபீஸ் கட்டி தனியார் பள்ளியிலதான் சேத்திருந்தாங்க. அப்ப அரசாங்கம் செலவு பண்ணதுல பெரும்பகுதி, ஏற்கனவே தனியாருக்குப் போக இருந்த குடும்பத்தோட ஃபீஸ் பாரத்த குறைச்சதுக்குத்தான் போயிருக்கு. அதுவும் ஒரு உதவிதான், ஆனா அரசுப் பள்ளிய விட்டா வேற கதியில்லாத புள்ளைக்கு புதுசா ஒரு கதவ திறந்து விட்டோம்னு மார் தட்டிக்க முடியாது.

சரி, வெற்றி? இங்கதான் குலுக்கல் ஆய்வாளருக்கு பெரிய வரப்பிரசாதம். சாதாரணமா தனியார் பள்ளிப் புள்ள மார்க் அதிகம் வாங்கினா அது பள்ளிக்கூடத்தாலயா, இல்ல வீட்ல அம்மா படிச்சவங்க, டியூஷன் வெக்கறாங்க, ராத்திரி லைட் எரியுதுங்கறதாலயான்னு பிரிக்கவே முடியாது. குலுக்கல்ல அத பிரிக்கலாம். விண்ணப்பிச்ச ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆர்வமான பெத்தவங்க, ஒருத்தருக்கு விழுந்துச்சு, இன்னொருத்தருக்கு விழல, நடுவுல அதிர்ஷ்டத்த தவிர வேற வித்தியாசம் கிடையாது. நாலஞ்சு வருசம் கழிச்சு ரெண்டு புள்ளைக்கும் ஒரே பரீட்சை வெச்சா வர்ற வித்தியாசம் பள்ளிக்கூடத்தோட வேலை.

அமெரிக்காவுல இத ரொம்ப வருசமா பண்றாங்க. அங்க வழக்கமா வீட்டு அட்ரஸ் எந்த எல்லைக்குள்ள வருதோ அந்த ஏரியா அரசுப் பள்ளியிலதான் சேரணும், பள்ளிக்கு வர்ற பணத்துல ஒரு பகுதி அந்த ஊர் சொத்து வரியில இருந்து வரும், அதனால நல்ல பள்ளி இருக்கற ஏரியாவுல வீட்டு விலை எகிறும். நமக்கு ஃபீஸ் கட்டறவன் புள்ளைக்கு நல்ல ஸ்கூல், அவங்களுக்கு விலை குடுத்து வீடு வாங்கறவன் புள்ளைக்கு. "அக்கம்பக்கத்துப் பள்ளி"ன்னா சமத்துவம்னு நினைச்சா அங்க அப்படி இல்ல. இதுக்கு மாத்தா சார்ட்டர் பள்ளின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 1991ல மின்னசோட்டா மாநிலம்தான் முதல்ல சட்டம் போட்டுச்சு. அரசுப் பணம், ஃபீஸ் கிடையாது, நிர்வாகம் மட்டும் தனி. கூட்டம் அதிகமானா குலுக்கல்.

முடிவு என்னாச்சுன்னா எல்லா எடத்துலயும் ஒண்ணு போல இல்ல. 2010ல வந்த ஒரு பெரிய ஆய்வு 15 மாநிலத்துல 36 நடுநிலை சார்ட்டர் பள்ளிங்கள எடுத்துக்கிட்டுது, சராசரியா பாத்தா விழுந்தவங்களுக்கும் விழாதவங்களுக்கும் மார்க்குல வித்தியாசமே இல்ல. ஆனா உள்ள போய்ப் பாத்தா நகரத்து ஏழைப் புள்ளைங்களுக்கு லாபம், வசதியான புள்ளைங்களுக்கு நஷ்டம், ரெண்டும் சேந்து சைபர் ஆயிருக்கு. பாஸ்டன்ல குலுக்கல்ல ஜெயிச்ச புள்ளைங்க கணக்குல நல்ல முன்னேற்றம் காட்டுனாங்க, இதுல வேலை பாத்த ஜோஷுவா ஆங்கிரிஸ்ட்டுக்கு 2021ல பொருளாதார நோபல் பரிசும் கெடச்சுது (பரிசு ஆய்வு முறைக்காக, சார்ட்டருக்காக இல்ல). சிகாகோவுல அரசுப் பள்ளிக்குள்ளயே குலுக்கல் போட்டு வேற பள்ளிக்குப் போக விட்டாங்க, மார்க்குல பெருசா ஒண்ணும் ஏறல.

அதே மாசசூசெட்ஸ் மாநிலத்துல, பாஸ்டன் ரிசல்ட் எல்லாம் வெளிய வந்த பிறகு, 2016 நவம்பர்ல சார்ட்டர் பள்ளிங்கள அதிகப்படுத்தலாமான்னு ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டாங்க. 62 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. முட்டாள்தனம்னு சில பேர் எழுதினாங்க. எனக்கு அது புரியுது. குலுக்கல் ஆய்வு, விண்ணப்பிச்ச புள்ளைக்கு என்னாச்சுன்னு சொல்லும், விண்ணப்பிக்காதவன் படிக்கற தெருக்கோடிப் பள்ளிக்கு என்னாகும்னு அவ்வளவா சொல்லாது.

அந்தத் தெருக்கோடிப் பள்ளிக்கு நம்ம ஊர்ல என்னாகும்னு நான் சொல்றேன். கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில தொடக்கப்பள்ளிக்கு 60 புள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர், 61ல இருந்து 90 வரைக்கும் மூணு. அஞ்சு வகுப்பு சேந்து 63 புள்ள இருக்கற ஒரு யூனியன் ஸ்கூல்ல இருந்து இந்த வருசம் மூணு பேர் மெட்ரிக் வேன்ல ஏறிட்டாங்கன்னு வைங்க, அடுத்த பணிநிரவல்ல ஒரு டீச்சர் உபரின்னு வேற ஊருக்கு மாத்திடலாம். போனது மூணு புள்ள, அடி வாங்கறது மீதி 60 பேர். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர், அதுல ஒருத்தர் ஹெச்.எம்., அவருக்கு எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட ஆன்லைன் பதிவேட்டுல, பதிவு ஏத்தவே நேரம் சரியா இருக்கும், ட்ரெயினிங், வட்டாரக் கல்வி அலுவலர் ஆபிஸ், சத்துணவுக் கணக்கு வேற. இதப் பாத்து அடுத்த வருசம் இன்னும் நாலு பேர் கெளம்புவாங்க. யாரும் கெட்டவங்க இல்ல, எல்லாரும் அவங்கவங்க புள்ளைக்கு நல்லதுதான் பண்றாங்க, ஆனா பள்ளிக்கூடம் காலியாகுது.

இதுக்கு எதிரான சாட்சியையும் மறைக்கக் கூடாது. ஆந்திராவுல 2008ல ஆரம்பிச்சு கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ரெண்டு பேரும் 180 கிராமத்துல ஒரு சோதனை பண்ணாங்க. முதல்ல ஊருங்களையே குலுக்கல்ல பிரிச்சாங்க, அப்புறம் ஊருக்குள்ள புள்ளைங்கள குலுக்கினாங்க. விழுந்த புள்ளைக்கு தனியார் பள்ளி ஃபீஸ் கட்டிட்டாங்க. இப்படி ரெண்டு அடுக்கா குலுக்கினதாலதான் பின்னாடி தங்கிட்ட புள்ளைக்கு என்னாச்சுன்னும் பாக்க முடிஞ்சுது. அரசுப் பள்ளியிலேயே இருந்த புள்ளைங்களுக்கு படிப்புல நஷ்டம் எதுவும் தெரியல. இது நான் மேல சொன்னதுக்கு ஒத்து வராத முடிவு, ஆனாலும் அது நாலு வருசக் கணக்கு, டீச்சர் மாத்தலும் பள்ளி மூடலும் அத விட மெதுவா நடக்கற சமாச்சாரம்ங்கறது என் அபிப்பிராயம்.

அந்த ஆய்வுல இன்னும் ருசியான விஷயம் தனியாருக்குப் போன புள்ளைங்களோட மார்க்தான். நாலு வருசம் கழிச்சுப் பாத்தா தெலுங்குலயும் கணக்குலயும் ரெண்டு பக்கமும் சமம். ஹிந்தியில மட்டும் தனியார் புள்ள நல்லா முன்னாடி, ஏன்னா அரசுப் பள்ளி சின்ன வகுப்புல ஹிந்தி அவ்வளவா இல்ல. தனியார் பள்ளி தெலுங்குக்கும் கணக்குக்கும் கம்மி நேரம் செலவழிச்சே அதே மார்க்க எடுக்க வெச்சுட்டு, மிச்ச நேரத்துல வேற பாடம் நடத்தியிருக்கு, ஒரு புள்ளைக்கு ஆன செலவும் அரசுப் பள்ளியோட மூணுல ஒரு பங்குக்கும் கம்மி. அதுக்கு முக்கியக் காரணம் தனியார் டீச்சர் சம்பளம்தான், நம்ம ஊர் மெட்ரிக் ஸ்கூல் மிஸ்சுங்ககிட்ட கேட்டா கண்ணு கலங்கும். தாய்மொழி மீடியத்துல இருந்து திடீர்னு இங்கிலீஷ் மீடியத்துக்குப் போன புள்ளைங்க தடுமாறினதுக்கும் அதுல ஒரு சூசகம் இருக்கு. "இங்கிலீஷ் பேசுனா போதுங்க"ன்னு சொல்ற அப்பாக்கள் இத ஒரு தடவ யோசிக்கணும். புள்ள ரைம்ஸ் சொல்லும், ஆனா மூணாவதுல வாக்கியக் கணக்க படிச்சுப் புரிஞ்சுக்க முடியாது.

போர்டுல எழுதியிருக்கறத நம்பறது எவ்வளவு ஆபத்துன்னு டெல்டாக்காரங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. 2004 ஜூலை 16, கும்பகோணம், கூரைக் கொட்டகையில தீ, 94 குழந்தைங்க. ஒரே கட்டடத்துல மூணு பள்ளி நடந்துக்கிட்டிருந்துச்சு. குலுக்கல் நியாயமா நடந்துச்சான்னு பாக்கற அதிகாரி அந்தப் பள்ளியில டாய்லெட் இருக்கா, டீச்சர் படிச்சவங்களான்னும் அதே கண்டிப்போட பாக்கணும். சீட்டு கெடச்ச சந்தோஷத்துல பெத்தவங்க கேக்க மாட்டாங்க, ஓசியில சேத்தவன் எப்படிக் கேக்கறதுன்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துலதான் சில எடத்துல புக்கு ஃபீஸ், யூனிஃபார்ம் ஃபீஸ், வேன் ஃபீஸ், ஸ்மார்ட் கிளாஸ் ஃபீஸ்னு பின் வாசல் வழியா பில் வருது.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். பாஸ்டன்ல ஜெயிச்ச சார்ட்டர் பள்ளிங்க ஏன் ஜெயிச்சுதுன்னு தோண்டிப் பாத்தாங்க. மாநிலத்துல நகரத்துக்கு வெளிய இருந்த சார்ட்டர் பள்ளிங்கள்ல அந்த லாபம் இல்ல, சில எடத்துல நஷ்டம். அப்ப சார்ட்டர்ங்கற போர்டு காரணம் இல்ல. நகரத்துப் பள்ளிங்க என்ன பண்ணுச்சுன்னா பள்ளி நேரத்த நீட்டிச்சாங்க, பின்தங்கின புள்ளைங்களுக்கு தெனம் தனியா உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க, டீச்சருக்கு அடிக்கடி வகுப்புக்கே வந்து பாத்து யோசனை சொன்னாங்க, ஒழுங்குல கறாரா இருந்தாங்க (சில பள்ளி அதிகக் கறார், அது எனக்குப் பிடிக்கல). ரோலண்ட் ஃப்ரையர்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் இதே வேலைங்கள எடுத்துட்டுப் போயி 2010ல இருந்து ஹூஸ்டன்ல குலுக்கலே இல்லாத சாதாரண அரசுப் பள்ளிங்கள்ல, அதுவும் மார்க் ரொம்பக் கொறஞ்ச பள்ளிங்கள்ல செஞ்சு பாத்தார். ஹெச்.எம்.கள மாத்தினாங்க, டீச்சர்கள்லயும் பாதிப் பேர மாத்தினாங்க, கணக்குக்கு ட்யூட்டர் வெச்சாங்க. கணக்கு மார்க் நல்லா ஏறுச்சு, வாசிப்பு அவ்வளவா ஏறல. அதாவது குலுக்கல்ல விழுந்தவனுக்குக் கெடச்ச லாபத்துல ஒரு நல்ல பங்க, யாரையும் வேன்ல ஏத்தாம அவன் தெருப் பள்ளியிலயே குடுக்க முடியும், காசும் மனசும் இருந்தா.

தமிழ்நாட்டுலயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. கொரோனாவுல ஸ்கூல் மூடிக் கெடந்தப்ப புள்ளைங்க மறந்துபோனதுல மூணுல ரெண்டு பங்க, பள்ளி திறந்து ஆறு மாசத்துலயே மீட்டுட்டாங்கன்னு தமிழ்நாட்டு கிராமங்கள்ல எடுத்த ஆய்வு சொல்லுது, அந்த மீட்சியில சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததாம். அது என்ன பெரிய சார்ட்டர் பள்ளியா? சாயந்திரம் தெருவுல, மாரியம்மன் கோயில் வாசல்லயோ யாராவது வீட்டுத் திண்ணையிலயோ அதே ஊர்ப் பொண்ணு ஒருத்தி இருவது புள்ளைங்கள உக்கார வெச்சு சொல்லிக் குடுத்ததுதான். காலைச் சிற்றுண்டித் திட்டத்த 2023 ஆகஸ்ட் 25ல திருக்குவளையில வெச்சுத்தான் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் விரிவு பண்ணாங்க, நடவுக்குக் காலங்காத்தால கெளம்பற அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் கேட்டுப் பாருங்க. ஆர்டிஇயில மெட்ரிக் ஸ்கூல் போன புள்ளைக்கு அந்த சாப்பாடு கிடையாது.

கர்நாடகா வேற மாதிரி வெட்டுச்சு. 2019ல இருந்து பக்கத்துல அரசுப் பள்ளி இருந்தா தனியார் பள்ளியில 25 சதவீத சீட்டு இல்லன்னு விதிய மாத்திட்டாங்க. மகாராஷ்டிரா 2024ல அதையே பண்ணப் பாத்து பாம்பே ஹைகோர்ட் ரத்து பண்ணிடுச்சு. எனக்கு கர்நாடகா வழி ஒத்துக்கல, ஏன்னா அக்கம்பக்கத்துப் பள்ளியும் தானா நியாயமாகிடாது. டெல்டாவுல குடியிருப்பே சாதி வாரியா இருக்கு. காலனிக்குள்ள இருக்கற பள்ளியில காலனிப் புள்ளைங்க மட்டும், ஊர்த்தெரு புள்ளைங்க மஞ்சள் வேன்ல டவுனுக்கு. 1964-66ல கோத்தாரி கமிஷன் பொதுப்பள்ளி முறைன்னு சொன்னப்ப, அந்த வட்டாரத்துப் பணக்காரன் புள்ளையும் ஏழை புள்ளையும் ஒரே பெஞ்சுல உக்காரணும்னுதான் சொன்னாங்க. அது நடக்கவே இல்ல. சமச்சீர் கல்வி வந்து பாடப்புத்தகம் ஒண்ணாச்சு, பெஞ்சு ஒண்ணாகல. பெஞ்ச ஒண்ணாக்கறதுல 25 சதவீதத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு. டெல்லியில பணக்காரப் பள்ளிங்கள்ல ஏழைப் புள்ளைங்க வந்து சேந்த பிறகு, பணக்காரப் புள்ளைங்க ஏழைங்கள ஒதுக்கறது கொறஞ்சு, தாராள குணம் கூடுச்சுன்னு கௌதம் ராவ் ஆய்வு பண்ணிக் காட்டியிருக்கார். அந்த லாபம் எந்த மார்க் ஷீட்லயும் வராது.

நடைமுறையில மாட்டிக்கிட்டு முழிக்கறது எட்டாவது முடிஞ்ச குடும்பம். ஒன்பதாவதுல இருந்து முழு ஃபீஸ். எட்டு வருசத்துக்கு மேல ஃபீஸ் கட்டாம இருந்தவங்களுக்கு ஒரே நாள்ல அந்தத் தொகை. நிறையப் பேருக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன்: மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம்னு 2020ல சட்டம் வந்துச்சில்ல, அதுல ஆர்டிஇயில எட்டாவது வரைக்கும் தனியார்ல படிச்சுட்டு ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச புள்ளைக்கும் உரிமை உண்டு. புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய்க்கும் அதே மாதிரிதான். அதனால கடன் வாங்கி ஒன்பதாவதுக்கு ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ அரசு மேல்நிலைப்பள்ளி ஹெச்.எம்.அ போய்ப் பாருங்க, ஆர்டிஇயில படிச்சதுக்கான சான்ற பழைய பள்ளியில மறக்காம வாங்கிடுங்க.

2025-26ல சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வித் திட்டத்துக்கான பணத்த மத்திய அரசு நிறுத்தி வெச்சதால அந்தக் கோடையில ஆர்டிஇ சேர்க்கை ஆரம்பிக்கவே இல்ல, கேஸ் கோர்ட்டுக்குப் போயி, அக்டோபர்லதான் வேலை தொடங்குச்சு. ஜூன்லயே ஃபீஸ் கட்டி சேத்துட்டவங்களுக்குத்தான் அதுக்குள்ள வர முடிஞ்சுது, காசில்லாம காத்திருந்தவன் புள்ள அதுக்கு முன்னாடியே யூனியன் ஸ்கூல்ல உக்காந்தாச்சு.

2013-14 வாக்குல ஆர்டிஇயில எல்கேஜி சேந்த புள்ளைங்க இப்ப பள்ளிப் படிப்போட கடைசிக் கட்டத்துல இருக்காங்க. ஆன்லைன் ஆன பிறகு விண்ணப்பிச்சவங்க பேரு, குலுக்கல்ல யாருக்கு விழுந்துச்சு, யாருக்கு விழல, எல்லாம் கல்வித்துறை கம்ப்யூட்டர்ல கெடக்கு, ஒவ்வொரு புள்ளைக்கும் எமிஸ் நம்பரும் இருக்கு. விழுந்தவங்க எத்தனை பேர் அதே பள்ளியில எட்டாவது வரைக்கும் தங்கினாங்க, நடுவுல எத்தனை பேர் வெளிய வந்தாங்க, பத்தாவதுல ரெண்டு கூட்டமும் என்ன மார்க் எடுத்தாங்கன்னு திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாலு மாவட்டத்துக்கு மட்டும் எடுத்து வெளிய விட்டாலே போதும். ஆந்திராவுல கோடிக்கணக்குல செலவு பண்ணி நடத்தின சோதனை இங்க வருசா வருசம் ஓசியில நடந்துக்கிட்டிருக்கு, பேப்பர திருத்தத்தான் ஆள் இல்ல.